சிரிப்பைச் சொந்தமாக்கிய சங்கர் நாக்

பெங்களூரு ஆட்டோக்களின் பின்புறத்தில் இன்றும் தென்படும் முகங்களுள் ஒன்று, 1990-இல் மறைந்த ஒரு நடிகருடையது. அவர் காலமானபோது பிறந்திராத இளைஞர்கள் ஓட்டும் வண்டிகளிலும் அந்தப் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. 'ஆட்டோ ராஜா' என்ற கன்னடப் படத்தில் ஆட்டோ ஓட்டுநராக நடித்ததால் அவருக்குக் கிடைத்த நிரந்தர இடம் அது. தமிழகத்திலோ, தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரின் இயக்குநராகவே அவரை அறிந்தவர்கள் மிகுதி. சங்கர் நாக் என்ற அந்தக் கலைஞரின் பன்னிரண்டு ஆண்டுத் திரைவாழ்வில் அதிகம் பேசப்படாத பகுதி, அவருடைய நகைச்சுவை. அதைப் பின்தொடர்ந்து சென்றால், ஒரு மொழியின் சினிமா தனக்கான கருவிகளைத் தன் மண்ணிலேயே உண்டாக்கிக்கொள்ளப் பட்ட பாடும் தெரியவரும்.

சங்கர் நாக் 1954 நவம்பர் 9 அன்று கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், ஹொன்னாவரப் பகுதியில் பிறந்தார். வீட்டு மொழி கொங்கணி. குடும்பப் பெயரான நாகரகட்டே, பின்னாளில் 'நாக்' என்று சுருங்கியது. அண்ணன் அனந்த் நாக்கைப் போலவே அவரும் மும்பைக்குச் சென்றார். அங்கே மராத்தி நாடக மேடைதான் அவரை வார்த்தது. பின்னாளில் மனைவியான அருந்ததியை அவர் சந்தித்ததும் அந்த மேடையில்தான். சாபேகர் சகோதரர்களின் கதையைச் சொல்லும் '22 ஜூன் 1897' என்ற மராத்திப் படத்தின் எழுத்துப் பணியிலும் அவருக்குப் பங்குண்டு.

கிரீஷ் கார்னாட் இயக்கிய 'ஒந்தானொந்து காலதல்லி' (1978) அவரைக் கன்னடத்துக்கு அழைத்துவந்தது. அகிரா குரோசவாவின் சாமுராய் படங்களின் சாயல் கொண்ட அந்தப் படத்தில், கூலிக்குப் போர் புரியும் வீரனாக அவர் நடித்தார். இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அறிமுகப் படத்திலேயே அத்தகைய மதிப்பைப் பெற்ற ஒருவர், இனிக் கலைப்படங்களோடு நின்றுவிடுவார் என்றுதான் எவரும் எண்ணியிருப்பர்.

மறு ஆண்டே அவர் நடித்த படங்களுள் ஒன்று 'ப்ரீத்தி மாடு தமாஷே நோடு'. காதலித்துப் பார், வேடிக்கையைக் காண் என்பது தலைப்பின் பொருள். ஸ்ரீநாத், மஞ்சுளா, பத்மப்ரியா, துவாரகீஷ் ஆகியோருடன் சங்கர் நாக் நடித்த இந்தக் காதல் நகைச்சுவைப் படத்தின் கதை, தமிழ் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்ரீதர் 1964-இல் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யின் கன்னட வடிவம் அது. செல்வந்தரான தந்தை, திருமணத்துக்குக் காத்திருக்கும் இரு மகள்கள், படம் எடுப்பேன் என்று அடம்பிடிக்கும் மகன், பணக்காரத் தந்தையாக வேடமிட்டு வரும் நண்பன் என்று சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் பின்னிய அந்தக் கதை, ஏற்கெனவே தெலுங்குக்கும் இந்திக்கும் சென்றிருந்தது. கன்னடத்தில் அதை இயக்கியவர் சி.வி. ராஜேந்திரன். அவர் ஸ்ரீதரின் உறவினர். அவரிடமே உதவியாளராக இருந்தவர். தமிழில் 'கலாட்டா கல்யாணம்', 'சுமதி என் சுந்தரி' ஆகிய படங்களைத் தந்தவர். ஆக, கதை மட்டுமன்றி அந்தச் சிரிப்பின் பட்டறையே சென்னையிலிருந்து சென்றது எனலாம்.

இதில் இழிவு எதுவுமில்லை. அந்நாளில் தென்னிந்திய மொழிகள் நான்கும் கோடம்பாக்கத்தின் தளங்களைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தவை. கன்னடத்தின் பெரும் நடிகரான ராஜ்குமாரே நெடுங்காலம் சென்னையில் வசித்தவர். மைசூரில் பிரீமியர் ஸ்டுடியோவும் பெங்களூரில் வேறு சில தளங்களும் இருந்தபோதிலும், பாடல் பதிவு போன்ற நுட்பப் பணிகளுக்குக் கன்னடத் தயாரிப்பாளர்கள் ரயிலேறி சென்னைக்கு வர வேண்டியிருந்தது. பயணச் செலவும் தங்கும் செலவும் சிறிய சந்தை கொண்ட ஒரு மொழிக்குப் பெரும் சுமை. அதைவிடப் பெரிய சுமை ஒன்றுண்டு. பணிக்கூடம் எங்கே இருக்கிறதோ அங்கே நிலவும் ரசனையே, காலப்போக்கில் படத்தின் ரசனையாகவும் ஆகிவிடும்.

மற்றெல்லா வகைக் கதைகளையும்விட இந்தச் சிக்கலை வெளிச்சமிட்டுக் காட்டுவது நகைச்சுவைதான். சோகக் கதையை மொழிமாற்றினால் கண்ணீர் பெரிதாகக் குறையாது. நகைச்சுவையோ வட்டார வழக்கிலும் பேச்சின் இழுவையிலும் மாமன் மச்சான் உறவின் உரிமையிலும் உயிர் வாழ்வது. நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையா நடுங்கும் காட்சியை இன்னொரு மொழிக்குக் கொண்டுசெல்பவர், வசனத்தை மாற்றுவதோடு நிற்க முடியாது. அந்த மூச்சின் தாளத்தையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். 'ப்ரீத்தி மாடு தமாஷே நோடு' அதை எந்த அளவுக்குச் செய்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நாடக மேடையிலிருந்து வந்த ஓர் இளைஞர் அத்தகைய படத்தில் நடிக்கத் தயங்கவில்லை என்பதே இங்கே கவனத்துக்குரியது.

அந்தத் தயக்கமின்மைக்குக் காரணம் பணமும்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அவற்றுள் பல, அடிதடியும் பாடலும் கலந்த வழக்கமான படங்கள். இன்று திரும்பப் பார்க்கத் தக்கவை அல்ல. ஆனால், அவற்றில் ஈட்டியதை அவர் செலவிட்ட விதம் வேறு. 'சங்கேத்' என்ற பெயரில் நாடகக் குழு அமைத்தார். கார்னாடின் 'அஞ்சு மல்லிகே' போன்ற நாடகங்களை மேடையேற்றினார். பெங்களூரிலேயே 'சங்கேத்' ஒலிப்பதிவுக் கூடத்தையும் நிறுவினார். கன்னடப் படத்தின் ஒலியைக் கன்னட மண்ணிலேயே பதியலாம் என்ற நிலைக்கு வழிகோலிய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. பகலெல்லாம் சண்டைக் காட்சிகளில் புரண்டு சம்பாதித்து, அதை ஒலிப்பதிவுக் கருவிகளில் போட்ட நட்சத்திரங்கள் நம் திரையுலகில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இயக்குநராக அவருடைய முதல் படம் 'மிஞ்சின ஓட்ட' (1980). கார் திருடர்களின் கதை அது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடித்த அந்தப் படம், மாநில அரசின் விருதுகளை அள்ளியது. அடுத்த ஆண்டு 'கீதா' வந்தது. நோயுற்ற பெண்ணின் காதலைச் சொல்லும் அந்தப் படம் இன்றும் வாழ்வது இளையராஜாவின் இசையால். அதிலுள்ள 'ஜொதெயலி' பாடலின் மெட்டே 1984-இல் 'நூறாவது நாள்' படத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தது. பின்னர் 2007-இல் 'சீனி கம்' மூலம் இந்திக்கும் போனது. 1979-இல் சென்னையின் நகைச்சுவை பெங்களூருக்குச் சென்றது. இரண்டே ஆண்டுகளில் ஒரு கன்னடப் படத்துக்காகப் பிறந்த மெட்டு எதிர்த்திசையில் புறப்பட்டது. இசையமைத்தவர் தமிழரே என்றாலும், அந்த மெட்டைக் கேட்டு வாங்கியது ஒரு கன்னடப் படம்.

1983-இல் அவர் இயக்கிய 'நோடி சுவாமி நாவிரோது ஹீகே' அவருடைய நகைச்சுவை முயற்சிகளில் தனித்து நிற்பது. பாருங்கள் சாமி, நாங்கள் இப்படித்தான் என்று தலைப்பே தோளைக் குலுக்குகிறது. அதே பெயரில் அவர் ரமேஷ் பட்டுடன் இணைந்து இயக்கிய நாடகமும் உண்டு. படத்தில் சங்கர் நாக், ரமேஷ் பட், அருந்ததி நாக் என்று மேடையில் பழகியவர்களோடு லட்சுமியும் நடித்தார். ஒத்திகையில் ஒருவரையொருவர் அறிந்த நடிகர்களுக்குச் சிரிப்பை இரவல் வாங்க வேண்டிய தேவையில்லை. 'ப்ரீத்தி மாடு தமாஷே நோடு' வெளிவந்து நான்கே ஆண்டுகள்தான் கடந்திருந்தன. வணிகக் கணக்கில் அது எந்த வரிசையில் வரும் என்பது ஒருபுறமிருக்க, கன்னட நகைச்சுவை தன் காலில் நின்று பார்த்த தருணங்களுள் ஒன்றாக அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இடையே 'ஆக்சிடெண்ட்' (1985) என்ற கடுமையான படத்தையும் எடுத்தார். நடைபாதையில் உறங்கியவர்கள் மீது காரை ஏற்றிக் கொன்ற அரசியல்வாதியின் மகன், அதை மறைக்கத் துடிக்கும் அதிகாரம், உண்மையைத் தேடும் செய்தியாளர் என்று செல்லும் அந்தக் கதை தேசிய விருது பெற்றது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் செய்தித்தாள்களில் அதே கதையை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

'மால்குடி டேஸ்' 1987-இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஆர்.கே. நாராயணின் எழுத்து எளிமையானதாகத் தோன்றினாலும் படமாக்கக் கடினமானது. அதில் சிரிப்பு உரக்க எழாது, உதட்டோரத்தில் நின்றுவிடும். தம் 'கைடு' நாவல் இந்தியில் படமான விதத்தால் நாராயண் மனம் கசந்திருந்தார் என்பது இலக்கிய உலகம் அறிந்தது. அத்தகைய ஆசிரியரின் கற்பனை ஊருக்கு உருக்கொடுக்க, மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டும் ஆகும்பேயைத் தேர்ந்தெடுத்தார் சங்கர் நாக். ஊரின் பழைய வீடு ஒன்றும் தெருவும் மால்குடியாயின. அரசலு என்ற சிற்றூரின் ரயில் நிலையம் மால்குடி நிலையமானது. எல். வைத்தியநாதனின் இசையும் ஆர்.கே. லட்சுமணின் ஓவியங்களும் சேர்ந்துகொண்டன. சுவாமியாக நடித்த சிறுவன் மஞ்சுநாத் நாடு முழுவதும் அறிந்த பிள்ளையானான். தமிழரான நாராயண் ஆங்கிலத்தில் எழுதியதை, கொங்கணி பேசும் இயக்குநர், கன்னட நடிகர்களைக் கொண்டு, இந்தி ஒளிபரப்புக்காக எடுத்தார். இத்தனை மொழிகள் குறுக்கிட்டும் அந்த மெல்லிய நகை சிதறாமல் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில் ராஜ்குமாரை வைத்து, ஜான் ஸ்டைன்பெக்கின் முத்துக்குளிப்பவன் கதையைத் தழுவி 'ஒந்து முத்தின கதெ'யையும் இயக்கினார்.

திரைக்கு வெளியேயும் அவருக்குத் திட்டங்கள் பல. பெங்களூருக்கு மெட்ரோ ரயில், நந்தி மலைக்குக் கயிற்றுப் பாதை, ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு என்றெல்லாம் அவர் பேசியதை அந்நாளில் ஒரு நடிகரின் ஆர்வக்கோளாறாகப் பார்த்தவர்கள் உண்டு. நாடகத்துக்கென்றே ஓர் அரங்கம் கட்ட வேண்டும் என்பதும் அத்திட்டங்களுள் ஒன்று. மாலைதோறும் நாடகம் நடக்க வேண்டும், சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் சீட்டு இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

1990 செப்டம்பர் 30 அன்று அதிகாலையில், தாவணகெரேக்கு அருகிலுள்ள அனகோடு கிராமத்தில் அவர் சென்ற கார் விபத்துக்குள்ளானது. 'ஜோகுமாரசுவாமி' படப்பிடிப்புக்காக தார்வாடுக்குச் சென்றுகொண்டிருந்தார். முப்பத்தாறாவது பிறந்தநாளுக்கு நாற்பது நாள்கள் எஞ்சியிருந்தன. அதே காரில் இருந்த அருந்ததி நாக் காயங்களுடன் உயிர் பிழைத்தார்.

அந்த அரங்கத்தை அவர் கட்டி முடித்தார். நன்கொடை திரட்டி, அரசிடம் நிலம் பெற்று, பெங்களூரு ஜே.பி. நகரில் 'ரங்க சங்கரா' திறக்கப்பட்டபோது ஆண்டு 2004. கன்னடத்தில் மட்டுமன்றி வேறு பல மொழிகளிலும் அங்கே நாடகங்கள் நடக்கின்றன. அரசலு ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தை 2020-இல் ரயில்வே துறை மால்குடி அருங்காட்சியகமாக மாற்றியது. மழைக்காலத்தில் ஆகும்பே செல்லும் பயணிகள் அங்கும் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.