சார்லஸ் பிராட்லா

சார்லஸ் பிராட்லா (செப்டம்பர் 26, 1833 - ஜனவரி 30, 1891) இங்கிலாந்தைச் சேர்ந்த அரசியல்வாதி, பத்திரிகை ஆசிரியர், நாத்திகப் பரப்புரையாளர் ஆவார். நார்தாம்ப்டன் நாடாளுமன்றத் தொகுதி 1880 முதல் 1886 வரை இவரை ஆறு முறை தேர்ந்தெடுத்தது. எனினும் கடவுள் நம்பிக்கை அற்றவர் என்பதால் 1886 ஜனவரி வரை, இடையில் சில மாதங்கள் தவிர, இவர் அவையில் அமர விடப்படவில்லை. ஒரு தொகுதியின் உறுப்பினர் யார் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வாக்காளர்களா, அவையில் ஏற்கனவே அமர்ந்திருப்பவர்களா என்ற கேள்வியை இவரது தேர்தல்கள் எழுப்பின.

இளமை

பிராட்லா லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். வறுமை காரணமாகப் பதினொரு வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. பின்னர் அலுவலக ஏவல் பையனாகவும், நிலக்கரி வணிகரிடம் எழுத்தராகவும் வேலை பார்த்தார்.

தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, விவிலியத்திற்கும் இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளுக்கும் இடையே முரண்பாடுகள் இருப்பதாகக் கண்டு பங்குக்குருவிடம் விளக்கம் கேட்டார். விளக்கம் வரவில்லை, நாத்திகர் என்ற பழியும் பணிநீக்கமும் வந்தன. வீட்டைவிட்டு வெளியேறிய இவருக்கு, மறைந்த சுதந்திரச் சிந்தனையாளர் ரிச்சர்ட் கார்லைலின் துணைவி எலிசபெத் ஷார்ப்பிள்ஸ் அடைக்கலம் கொடுத்தார்.

1850 இல் படையில் சேர்ந்து அயர்லாந்தில் பணியாற்றினார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு 1853 இல் படையிலிருந்து விடுதலை பெற்று லண்டன் திரும்பி, வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தரானார். சட்டத்தில் பட்டம் ஏதும் பெறாத இவர், பிற்காலத்தில் நாட்டின் தலைசிறந்த வழக்கறிஞர்களுக்கு எதிராகத் தம் வழக்குகளைத் தாமே வாதாடியதற்கு இந்த எழுத்தர் வேலையே பயிற்சிக்களமாக அமைந்தது.

பொது வாழ்வு

முதலாளியின் தொழிலுக்குக் கேடு வராதிருக்க, சிலையுடைப்போன் என்று பொருள்படும் இக்கனோகிளாஸ்ட் என்ற புனைபெயரில் எழுதியும் பேசியும் வந்தார். 1860 இல் நேஷனல் ரிஃபார்மர் இதழின் ஆசிரியரானார். 1866 இல் நேஷனல் செக்யூலர் சொசைட்டி என்ற அமைப்பை நிறுவுவதில் முன்னின்றார். முடியாட்சி ஒழிப்பு, வாக்குரிமை விரிவாக்கம், குடும்பக் கட்டுப்பாடு ஆகியன இவர் எடுத்துக்கொண்ட பிற பொருள்கள். சமவுடைமைக் கொள்கையை மட்டும் இறுதிவரை ஏற்கவில்லை.

1877 இல் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நோல்ட்டன் எழுதிய சிறு நூலை மறுபதிப்புச் செய்ததற்காக இவரும் அன்னி பெசன்ட்டும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். வழக்கு வரைவில் இருந்த குறை காரணமாக மேல்முறையீட்டில் தண்டனை நீங்கியது. பிற்காலத்தில் பிரம்மஞான சபையின் தலைவராக அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட்டும் இவரே.

நார்தாம்ப்டன் தொகுதி

நார்தாம்ப்டன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நகரம். அக்காலத்தில் காலணி செய்வதே அதன் முதன்மைத் தொழிலாக இருந்தது. இத்தொழிலாளர்களிடையே தீவிர அரசியல் கருத்துகள் வேரூன்றியிருந்தன. 1867 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் நகரங்களில் குடும்பத் தலைவர்களான ஆண் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை அளித்ததும், இந்நகரின் தேர்தல் கணக்கு மாறத் தொடங்கியது.

அக்காலத்தில் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தனர். பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வாக்காளரும் இரண்டு பேருக்கு வாக்களிக்க முடிந்தது. ஒருவருக்கு மட்டும் அளித்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தாமலும் விட முடிந்தது. இடைத்தேர்தலில் ஓர் இடம், ஒரு வாக்கு. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால்தான் பின்வரும் எண்கள் விளங்கும்.

1868 இல் பிராட்லா முதன்முறையாகப் போட்டியிட்டபோது இரண்டு இடங்களும் லிபரல் கட்சியிடம் இருந்தன. இவர் 1,086 வாக்குகளுடன் ஐந்தாம் இடம் பெற்றார். இவரது தேர்தல் நிதிக்கு மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 10 பவுண்டு அனுப்பினார். வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் அதே தேர்தலில் மில் தோற்றதற்கு அந்த நன்கொடையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

1874 பிப்ரவரித் தேர்தல் திடீரென அறிவிக்கப்பட்டபோது பிராட்லா அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். வேட்பாளர் ஊரில் இல்லாமலேயே 1,653 வாக்குகள் கிடைத்தன. லிபரல் வாக்குகள் பிரிந்ததால் ஓர் இடம் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போயிற்று. எஞ்சிய லிபரல் உறுப்பினர் கில்ப்பின் அவ்வாண்டே மறைய, அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. அதில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மெரிவெதர் 2,171, லிபரல் வேட்பாளர் ஃபவுலர் 1,836, பிராட்லா 1,766 வாக்குகள் பெற்றனர். பின்னிருவரின் வாக்குகளைக் கூட்டினால் 3,602. முடிவு வந்ததும் நகரில் கலவரம் மூண்டு, படையினர் வரவழைக்கப்பட்டனர்.

ஒரே ஆண்டில் இரண்டு இடங்களையும் இழந்த உள்ளூர் லிபரல்களுக்கு அந்தக் கூட்டல் கணக்கு புரியாமல் இருந்திருக்க முடியாது. பிராட்லாவை வெல்ல வைக்காமல் தாங்களும் வெல்ல முடியாது என்ற நிலையில், 1880 ஏப்ரல் தேர்தலில் ஹென்றி லாபூஷெருடன் இவரையும் இணைத்து நிறுத்தினர். லாபூஷெர் 4,158, பிராட்லா 3,827 வாக்குகள் பெற, இருவரும் வென்றனர். ஆக, இவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பியவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் அல்லர். பெரும்பாலானோர் தேவாலயம் செல்லும் லிபரல்களே.

உறுதிமொழிச் சிக்கல்

அக்காலத்தில் புதிய உறுப்பினர் கடவுளின் பெயரால் சத்தியம் செய்த பின்னரே அவையில் அமர முடிந்தது. இவ்விதி முன்பும் சிலரைத் தடுத்திருந்தது. சத்தியம் செய்வதைத் தம் சமயம் தடுக்கிறது என்ற குவேக்கரான ஜோசப் பீஸ், 1833 இல் வெறும் உறுதிமொழி கூறி அமர அனுமதிக்கப்பட்டார். யூதரான லயனல் ரோத்ஸ்சைல்ட் 1847 முதல் லண்டன் மாநகரத் தொகுதியில் மீண்டும் மீண்டும் வென்றும், கிறித்தவச் சொற்கள் கொண்ட சத்தியத்தைக் கூற மறுத்ததால் 1858 வரை காத்திருந்தார். ஆனால் அவர்கள் வேறு சமயத்தவர்கள். சமயமே இல்லாத ஒருவர் வந்தால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இருக்கவில்லை.

மே 3, 1880 அன்று பிராட்லா, நீதிமன்றச் சாட்சியத்திற்கு நம்பிக்கையற்றோர் உறுதிமொழி கூறலாம் என்ற 1869, 1870 ஆம் ஆண்டுச் சட்டங்களைக் காட்டி, தமக்கும் அவ்வுரிமை உண்டு என்றார். அவைத்தலைவர் பிராண்ட் தாமே முடிவு செய்யாமல் பொறுப்பை அவையிடம் விட்டார். பின்வந்த குழப்பங்களுக்கு இதுவே தொடக்கம். தேர்வுக்குழு ஒரே வாக்கு வேறுபாட்டில் மறுத்தது. அப்படியானால் சத்தியமே செய்கிறேன், ஆனால் கடவுளைக் குறிக்கும் சொற்கள் எனக்குப் பொருளற்றவை என்று இவர் பத்திரிகையில் கடிதம் வெளியிட்டார். அரசியல் நோக்கில் இக்கடிதம் பெரும் பிழை என்றே தோன்றுகிறது. பொருளற்றது என்று கூறிய சத்தியத்தை எப்படி ஏற்பது என்று எதிரிகள் கேட்க அதுவே வழி செய்தது. லாபூஷெரும் கடவுள் குறித்து ஐயம் கொண்டவர்தான். அவர் ஒன்றும் பேசாமல் சத்தியம் செய்துவிட்டு அமர்ந்தார். நார்தாம்ப்டனின் கிறித்தவ உறுப்பினர் தாமே என்று வேடிக்கையாகவும் சொல்லிக்கொண்டார்.

ஜூன் 22 அன்று 275க்கு 230 என்ற வாக்குகளில், பிராட்லா சத்தியமும் செய்யக்கூடாது, உறுதிமொழியும் கூறக்கூடாது என்று அவை தீர்மானித்தது. மறுநாள் வெளியேற மறுத்தமையால் மணிக்கூண்டுக் கோபுரத்தில் ஓரிரவு காவலில் வைக்கப்பட்டார். பின்னர் பிரதமர் கிளாட்ஸ்டன், சட்டப் பொறுப்பு அவரையே சேரும் என்ற நிபந்தனையுடன் உறுதிமொழிக்கு வழி செய்ய, ஜூலை 2 அன்று இவர் இடத்தில் அமர்ந்தார்.

முறைப்படி சத்தியம் செய்யாமல் வாக்களிக்கும் உறுப்பினருக்கு ஒவ்வொரு வாக்கிற்கும் 500 பவுண்டு அபராதம். கிளார்க் என்பவர் உடனே வழக்குத் தொடுத்தார். கன்சர்வேட்டிவ் உறுப்பினர் நியூடிகேட், அதன் செலவுக்குப் பின்னணியில் பொறுப்பேற்றிருந்தார். மார்ச் 1881 இல் தீர்ப்பு எதிராக வரவே இடம் காலியானது.

மூன்று இடைத்தேர்தல்கள்

ஏப்ரல் 9, 1881 அன்று நடந்த இடைத்தேர்தலில் பிராட்லா 3,437 வாக்குகளும் எட்வர்ட் கார்பெட் 3,305 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு வெறும் 132. வென்று வந்தவரை அவை மீண்டும் மறுத்தது. ஆகஸ்ட் 3 அன்று உள்ளே நுழைய முயன்றபோது காவலர்களும் அவை ஊழியர்களும் இவரை இழுத்து வெளியே தள்ளினர், மேலங்கி கிழிந்தது. வெளியே ஆதரவாளர்கள் திரண்டிருந்தும் வன்முறையில் இறங்க வேண்டாம் என்று இவர் தடுத்திருந்தார்.

பிப்ரவரி 21, 1882 அன்று பிராட்லா அவை நடுவே சென்று, தாமே கொண்டுவந்த புதிய ஏற்பாட்டின் மீது தாமே சத்தியம் செய்து கையொப்பமிட்டார். மறுநாள் அவை இவரை நீக்கியது. மார்ச் 2 அன்று நார்தாம்ப்டன் இவரையே திருப்பி அனுப்பியது. இம்முறை வேறுபாடு 108. இதே செயலை 1884 பிப்ரவரியில் மீண்டும் செய்து, தாமே பதவி விலகி இடைத்தேர்தலைச் சந்தித்தார். 4,032 வாக்குகளுடன் 368 வாக்கு வேறுபாட்டில் வென்றார். நான்கு ஆண்டுகளாகப் பயன்படாத ஓர் உறுப்பினரை வைத்திருந்த தொகுதியில் வேறுபாடு குறைவதற்குப் பதிலாகக் கூடியது என்பது கவனத்திற்குரியது. நாத்திகத்தை விரும்பாத வாக்காளர்கள்கூட, தங்கள் தேர்வை வேறொருவர் தள்ளுபடி செய்வதை அதைவிட விரும்பவில்லை போலும்.

இதனிடையே அரசு கொண்டுவந்த உறுதிமொழி மசோதா மே 3, 1883 அன்று 292க்கு 289 என, மூன்றே வாக்குகளில் தோற்றது. பேராயர் கார்டினல் மானிங், ராண்டால்ஃப் சர்ச்சில் ஆகியோர் முன்னணி எதிர்ப்பாளர்கள். நீதிமன்றங்களில் நிலை கலவையாக இருந்தது. அபராதம் கோரும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு, தனியாருக்கு இல்லை என்று 1883 இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்து கிளார்க்கின் வழக்கைத் தள்ளியது. பிறர் வழக்குக்குப் பணம் கொடுத்த குற்றத்திற்காக நியூடிகேட் மீதும் பிராட்லா வென்றார். ஆனால் அவைக்காவலர் காசெட் மீது தொடுத்த வழக்கில், அவையின் உள்நடவடிக்கைகளில் நீதிமன்றம் தலையிடாது என்று 1884 இல் தீர்ப்பாயிற்று. காமன்வெல்த் நாடுகளின் சட்டநூல்களில் இத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

அவையில்

1885 நவம்பர் பொதுத்தேர்தலில் 4,315 வாக்குகளுடன் வென்ற பிராட்லா, ஜனவரி 13, 1886 அன்று சத்தியம் செய்ய முன்வந்தார். புதிய அவைத்தலைவர் ஆர்தர் பீல், உறுப்பினர் ஒருவர் சத்தியம் செய்வதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று கூறி எதிர்ப்பைக் கேட்கவே மறுத்துவிட்டார். 1880 இல் பிராண்ட் இதையே செய்திருந்தால் இத்தனையும் நடந்திராது.

1886 ஜூலைத் தேர்தலிலும் வென்ற இவர் கடுமையாக உழைக்கும் உறுப்பினராகப் பெயர் பெற்றார். இவர் கொண்டுவந்த 1888 ஆம் ஆண்டுச் சத்தியங்கள் சட்டம், நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் சத்தியத்திற்குப் பதில் உறுதிமொழி கூறும் உரிமையை அனைவருக்கும் அளித்தது. இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலும் கடவுளின் பெயரால் ஒன்று, உளமார ஒன்று என இரு வடிவங்களும் உள்ளன.

இந்தியத் தொடர்பு

இந்தியாவின் குறைகளை அவையில் இடைவிடாது எழுப்பியதால் இவரை இந்தியாவுக்கான உறுப்பினர் என்று அழைத்தனர். 1889 டிசம்பரில் பம்பாயில் வில்லியம் வெட்டர்பர்ன் தலைமையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்கு, கடும் நோயிலிருந்து தேறிய நிலையில் வந்தார். அம்மாநாட்டின் பேராளர் எண்ணிக்கையும் 1,889 ஆக அமைந்தது. சட்டமன்றங்களில் இந்தியருக்குத் தேர்தல் வழியே இடமளிக்க வேண்டும் என்ற மசோதாவை 1890 இல் அவையில் வைத்தார், அது நிறைவேறவில்லை.

தமிழகத்தில் இவரது தாக்கம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1880களில் இயங்கிய சென்னை இலௌகிக சங்கமும் அதன் தத்துவ விவேசினி இதழும் பிராட்லாவின் இயக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டவை.

மறைவு

ஜனவரி 27, 1891 அன்று, 1880 ஜூன் 22 ஆம் நாள் தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்குவதாக அவை முடிவு செய்தது. அப்போது பிராட்லா நினைவிழந்து படுக்கையில் இருந்தார். செய்தியை அறியாமலே ஜனவரி 30 அன்று காலமானார். வழக்குகளால் சேர்ந்த கடன்கள் அவர் இறக்கும்வரை தீரவில்லை. புரூக்வுட் கல்லறையில் எவ்விதச் சமயச் சடங்கும் இன்றி அடக்கம் செய்யப்பட்டார். லண்டனில் சட்டம் பயின்றுகொண்டிருந்த 21 வயது மோகன்தாஸ் காந்தியும் அங்கு சென்றிருந்தார். இதைத் தம் தன்வரலாற்றில் அவர் குறிப்பிட்டுள்ளார்.

இவரது மறைவால் ஏற்பட்ட இடைத்தேர்தலில் காலணி உற்பத்தியாளரான லிபரல் வேட்பாளர் மான்ஃபீல்ட் வென்றார். நார்தாம்ப்டனின் அபிங்டன் சதுக்கத்தில் 1894 இல் பிராட்லாவுக்குச் சிலை நிறுவப்பட்டது.