முத்திரை இல்லாத பாட்டு

வானொலியில் பழைய கச்சேரிகள் ஒலிபரப்பாகும்போது, நிகழ்ச்சி முடியும் தறுவாயில், சொற்களே இல்லாமல் வெறும் ஸ்வரங்கள் மட்டும் துள்ளி ஓடும் ஓர் உருப்படியைச் சிலர் கேட்டிருக்கலாம். பாண்டு வாத்தியக்காரர்கள் அணிவகுத்துச் செல்வது போன்ற நடை. பாடுகிறவரோ கர்நாடக சங்கீதத்தில் ஊறித் திளைத்த வித்துவான்! அதற்கு இங்கிலீஷ் நோட்டு என்று பெயர். சங்கராபரண ராகத்தில் அமைந்தது. அதைப் பாடிப் புகழ் பரப்பியவர் மதுரை மணி ஐயர். ஆகவே அது மணி ஐயர் நோட்டு என்றே வழங்கலாயிற்று. அதை இயற்றியவர் யார் என்று கேட்டால் இசை ரசிகர்களிலும் பலர் சற்றுத் தயங்குவர். இயற்றியவர் மணி ஐயரின் ஆசிரியர், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர்.

நான் இசை பயின்றவள் அல்லள். பெரணமல்லூரில் பட்டுத் தறிச் சத்தத்தின் நடுவே வளர்ந்தவள். தறிக்கு மேலே மாடத்தில் எப்போதும் ஒரு வானொலிப் பெட்டி பாடிக்கொண்டிருக்கும். என் சங்கீத ஞானம் அவ்வளவே. ஆயினும் பாகவதரின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது எங்கள் வீட்டுக் கதையைப் போலவே எனக்குத் தோன்றிற்று. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பாகவதர் பிறந்தது 1877-ஆம் ஆண்டு. திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணி பாயும் ஹரிகேசநல்லூர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். இளம் பிராயத்திலேயே தந்தையை இழந்தார். தாய்மாமன் இலட்சுமண சூரி பெரிய வடமொழிப் புலவர். அவர் மருமகனுக்கு வேதமும் வடமொழியும் கற்பித்தார். பையனின் மனமோ பாட்டிலே இருந்தது. தஞ்சைத் தரணிக்குச் சென்று, பதினைந்து மண்டபம் சாம்பசிவ ஐயரிடம் பல ஆண்டுகள் குருகுலவாசமாகப் பயின்றார். மாமனிடம் கற்ற வடமொழியும் வீண்போகவில்லை. பிற்காலத்தில் சாகித்தியம் இயற்றும்போது சொல் தேடி அவர் தவித்ததே இல்லை.

கச்சேரி வித்துவானாகப் பெயர் பெற்றவர், பிறகு ஹரிகதை மேடைக்குத் திரும்பினார். தஞ்சையில் மராத்தியர் ஆட்சியோடு வந்த கீர்த்தன முறையைத் தமிழுக்குப் பழக்கி வளர்த்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். அந்த வழியிலே முத்தையா பாகவதரும் வள்ளி திருமணம், தியாகராஜர் சரித்திரம் முதலிய கதைகளைச் செய்தார். இன்றைய மாணவர்களுக்கு ஹரிகதை என்றால் விளங்குவது கடினமே. நம் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழாவின்போது பிற்பகல் வேளையில் பாரதம் படிக்கக் கேட்டவர்களுக்கு ஓரளவு புரியும். ஒருவரே பாட வேண்டும், பேச வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், அழவும் வைக்க வேண்டும். நம் ஊர்ப் பாரதப் பிரசங்கியாருக்குப் பின்பாட்டும் ஒரு பெட்டியும் இருந்தால் போதும். ஹரிகதைக்காரருக்கோ முழுக் கச்சேரி பாடும் வித்தையும் வேண்டும். பாகவதரிடம் அது குறைவறவே இருந்தது.

அவருடைய புகைப்படத்தை முதன்முதலில் பார்த்தபோது, நெசவாளி மகளான என் கண் அவர் தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தின் ஜரிகைக் கரையின் மீதுதான் சென்றது. வறுமையில் வாடிய கலைஞர்களின் வரலாறுகளையே படித்துப் பழகிய நமக்கு, ராஜாவைப் போல வாழ்ந்த ஒரு பாகவதரைப் பற்றிப் படிப்பது மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

1920-இல் மதுரையில் ஸ்ரீ தியாகராஜ சங்கீத வித்தியாலயம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். குருவின் வீட்டில் தண்ணீர் சுமந்து, துணி துவைத்து, எப்போதாவது கிடைக்கும் பாடத்துக்குக் காத்திருந்து இசை கற்ற காலம் அது. அந்நாளில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் சொல்லும் பள்ளி என்பது ஒரு புதுமை. 1912-இல் பிறந்த மணி ஐயர் சிறுவனாக அங்கே வந்து பயின்றவர். கச்சேரிக்கும் கதைக்கும் கிடைக்கும் சன்மானத்தோடு ஒப்பிட்டால் பள்ளிக்கூடத்தால் என்ன வருவாய் இருந்திருக்கும்? இருந்தும் வாழ்நாள் முழுவதும் அவர் கற்பிப்பதை விடவில்லை.

அடுத்து மைசூர். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் அவரை ஆஸ்தான வித்துவானாக்கினார். அம்மன்னர் கர்நாடக இசையோடு மேனாட்டு இசையையும் போற்றியவர். வீணையும் வாசிப்பார், பியானோவும் வாசிப்பார். அரண்மனையில் ஒரு பக்கம் வாசுதேவாச்சாரியாரைப் போன்ற மேதைகள். மறுபக்கம் மேனாட்டு பாண்டு வாத்தியக் குழு. இரண்டு இசைக்கும் ஒரே கூரை! பாகவதர் மேனாட்டு நடையை அந்நியமென்று ஒதுக்கவில்லை என்பதற்கு இங்கிலீஷ் நோட்டே சான்று.

மைசூரில் அவர் செய்த பெரும்பணி சாமுண்டேசுவரி மீது பாடிய நூற்றெட்டுக் கீர்த்தனைகள். அம்மனின் நூற்றெட்டு நாமங்களுக்கும் நாமத்துக்கு ஒரு பாட்டு. அவை கன்னடத்தில் அமைந்தவை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. தாமிரபரணிக் கரையிலிருந்து சென்ற ஒருவர், நடுவயதைக் கடந்தபின், தம் தாய்மொழி அல்லாத மொழியில் நூறு பாட்டுக்கு மேல் இயற்றியிருக்கிறார். தமிழிலும், தெலுங்கிலும், வடமொழியிலும் அவர் இயற்றியவை வேறு. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ நானூறு உருப்படிகள் என்பர். கமாஸ் ராகத்தில் அவர் செய்த ‘மாதே மலயத்வஜ’ என்னும் தருவர்ணமும், சுத்த தன்யாசியில் ‘ஹிமகிரி தனயே’ என்னும் கீர்த்தனையும் இன்றும் மேடைதோறும் ஒலிக்கின்றன.

புதிய ராகங்களைப் படைப்பதிலும் அவருக்குத் தீராத ஆசை. மோகன கல்யாணி, கர்ணரஞ்சனி, விஜயநாகரி ஆகியவை அவர் வழக்கிற்குக் கொண்டு வந்தவை. நிரோஷ்டம் என்ற ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஓஷ்டம் என்றால் உதடு. நிரோஷ்டம் என்றால் உதடு படாதது. ஏழு ஸ்வரங்களில் உதடு கூடினால்தான் ஒலிக்கும் ஸ்வரங்கள் இரண்டு: ம, ப. அவ்விரண்டையும் நீக்கி, ச ரி க த நி என்ற ஐந்தை மட்டும் கொண்டு ஒரு ராகம் அமைத்தார். அத்தோடு விட்டாரா? அந்த ராகத்தில் இயற்றிய ‘ராஜராஜ ராதிதே’ என்னும் பாட்டின் சொற்களிலும் உதடு கூடும் எழுத்தே வராமல் பார்த்துக்கொண்டார்! தமிழ் இலக்கிய மாணவர்கள் இதைக் கேட்டவுடன் சிவப்பிரகாச சுவாமிகளின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை நினைப்பர். வித்தைக்காகச் செய்த வித்தைதானே என்று சிலர் சொல்லலாம். பாட்டைக் கேட்டால் அப்படித் தோன்றவில்லை; இனிமைக்கு ஒரு குறையும் இல்லை.

இனி நான் முன்பு சொல்லாமல் நிறுத்திய செய்திக்கு வருகிறேன். கீர்த்தனை இயற்றுவோர் பாட்டின் இறுதியில் தம் முத்திரையை வைப்பது மரபு. பாகவதரின் முத்திரை ‘ஹரிகேச’ என்பது. பெற்ற ஊரையே கையெழுத்தாக வைத்தார். மைசூரில் இருந்து கன்னடத்தில் பாடினாலும் அந்தத் தாமிரபரணி ஊர் அதில் இருக்கும். ஆனால் முத்திரை வைக்கச் சாகித்தியம் வேண்டும், சொல் வேண்டும். இங்கிலீஷ் நோட்டில் சொல்லே இல்லை. ஆகையால் முத்திரையும் இல்லை. பாடியவர் பெயர் நின்றது, படைத்தவர் பெயர் நழுவிற்று.

எங்கள் வீட்டில் புடைவை அறுத்ததும் தந்தை அதை மடித்து ஆரணிக்குக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுப்பார். அதன்பின் அது கடையின் பெயரால் விற்பனையாகும். அட்டை அடித்தவர், பாவு பிணைத்தவர், நெய்தவர் எவர் பெயரும் அதில் இராது. கல்யாண வீடுகளில் யாரோ உடுத்தியிருப்பதைப் பார்த்து, கரையைக் கொண்டே தாம் நெய்தது என்று தந்தை கண்டுகொள்வதுண்டு. கண்டுகொண்டு பேசாமல் வருவார். எனக்குத்தான் ஆறாது. அதனாலேயே பாகவதரின் வரலாற்றில், முத்திரை உள்ள பாட்டுகளைவிட முத்திரை இல்லாத உழைப்பு என்னை ஈர்த்தது.

அவ்வுழைப்பின் உச்சம் திருவனந்தபுரம். 1930-இல் சென்னை மியூசிக் அகாதமி மாநாட்டுக்குத் தலைமை வகித்துப் பெருமை எய்திவிட்ட மனிதர் அவர். அறுபது வயதை நெருங்கும் பருவத்தில் மகாராணி சேது பார்வதி பாயி அழைத்ததும், திருவிதாங்கூர் சென்று புதிய வேலை ஒன்றை ஏற்றுக்கொண்டார். 1813 முதல் 1846 வரை வாழ்ந்த சுவாதித் திருநாள் மகாராஜாவின் பாட்டுகள் பலவற்றுக்குச் சொற்கள் கிடைத்தன. பாடும் முறை மறைந்துவிட்டிருந்தது. முல்லமூடு பாகவதர்கள் என்ற கோயில் பாடகர்களிடமும், நாகசுரக்காரர்களிடமும் எஞ்சியவற்றைக் கேட்டுத் திரட்டினார். மெட்டே கிடைக்காதவற்றுக்குத் தாமே மெட்டு அமைத்தார். இப்பணியில் செம்மங்குடி சீனிவாச ஐயரும் துணை நின்றார். எது பழைய மெட்டு, எது புதியது என்ற வாதம் இசை ஆராய்ச்சியாளரிடையே பிற்பாடு எழுந்தது. அது நியாயமான கேள்வியே. ஆயின் மெட்டு இல்லாப் பாட்டை எவர் பாடியிருப்பர்? ஏட்டிலே கிடந்து செல்லரித்திருக்கும். அப்பாட்டுகளில் இருப்பது பத்மநாபனின் பெயரைத் தாங்கிய மன்னரின் முத்திரை. ஹரிகேச என்பதற்கு அங்கே இடமில்லை. நானூறு பாட்டு இயற்றிய ஒருவர், தம் முதுமையை இன்னொருவர் பாட்டுக்கு உயிர் கொடுப்பதில் செலவிட்டார்.

1939-இல் அங்கே சுவாதித் திருநாள் சங்கீத அகாதமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தார். மதுரைப் பள்ளியைப்போலவே இங்கும் கற்பிப்பதே வேலை. ‘சங்கீத கல்பத்ருமம்’ என்னும் இலக்கண நூலையும் எழுதினார். அதற்காக 1943-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. பள்ளிக்கூடப் படிப்பைவிட்டு இசையைத் தேடிப்போன பையனுக்கு அறுபத்தாறாம் வயதில் பல்கலைக்கழகப் பட்டம்!

1945-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் மைசூரில் காலமானார். திருவனந்தபுரத்தில் அவர் வகித்த பொறுப்பைச் செம்மங்குடி சீனிவாச ஐயர் ஏற்று நீண்ட காலம் நடத்தினார். அந்த அகாதமி இன்று சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. மதுரைப் பள்ளியில் படித்த மணி ஐயர் 1968-இல் மறைந்தார். அவர் பாடிய நோட்டைக் கேட்டுப் பழகி, இப்போது வயலினிலும், குழலிலும், பியானோவிலுங்கூட வாசிக்கிறார்கள்.