மடைப்பள்ளியில் ஒரு துறவி

லொரேன் நாட்டில் பிறந்த நிக்கோலா எர்மான், போர்வீரராயிருந்து காலிற் காயமுற்றவர். 1640-ல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்து லாரன்ஸ் சகோதரர் ஆனார். அங்கு அவருக்கு வாய்த்ததோ மடைப்பள்ளி வேலை. இயல்பாகவே அவருக்கு அதில் மிகுந்த வெறுப்பு. ஆயினும், இறைவன் இட்ட பணியென்று கொண்டு 15 ஆண்டுகள் செய்தார். வாணலியில் முட்டையடையைத் திருப்புவதும் இறையன்பின் பொருட்டே.

ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்கிவரப் பர்கண்டிக்கு அனுப்பினர். வாணிபம் அறியார்; காலோ ஊனம். படகில் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் நகர முடிந்தது! (சரக்குக் கணக்கெழுதும் அடியேனுக்கு அக்காட்சி கண்முன் நிற்கிறது.) இது இறைவனின் காரியமென்று அவரிடமே ஒப்புவித்துச் சென்றார்; கொள்முதல் செவ்வனே முடிந்தது.

பின்னாளில் மிதியடி செப்பனிடும் வேலை கிடைத்தது. அது அவர் மனத்துக்கு உகந்ததே. எனினும், சொன்னால் அதனையும் விட்டுவிடச் சித்தமாயிருந்தார். 1691-ல் காலமானார்.