சென்சாரைத் திணறடித்த மே வெஸ்ட்: ஜெயிலுக்குப் போன நடிகை ஹாலிவுட்டை ஜெயித்தது எப்படி?

வசனத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனால் அதை நடிகை சொல்லும் விதத்தில் தியேட்டரே சிரிக்கிறது. சென்சார் எதை வெட்டும்? 1930-களில் ஹாலிவுட்டுக்கு இந்தத் தலைவலியைக் கொடுத்தவர்தான் மே வெஸ்ட்.

யார் இவர்?

1893-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். சின்ன வயதிலேயே மேடை ஏறிவிட்டார். நடிப்போடு நிற்காமல் நாடகமும் எழுதினார். 1926-ல் அவர் எழுதி நடித்த நாடகத்தின் பெயரே 'செக்ஸ்'. அதன் நாயகி ஒரு பாலியல் தொழிலாளி.

பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. கூட்டமோ குறையவில்லை. 1927 பிப்ரவரியில் போலீஸ் வந்து கைது செய்தது. இளைஞர்களின் ஒழுக்கத்தைக் கெடுத்தார் என்று 10 நாள் சிறை. நன்னடத்தைக்காக 8 நாளில் விட்டுவிட்டார்கள். வெளியே வந்தபோது முன்பைவிட பிரபலமாகியிருந்தார்!

அதே ஆண்டு தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பற்றி 'தி டிராக்' என்ற நாடகம் எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதால் அது பிராட்வே மேடையைத் தொடவே இல்லை.

39 வயதில் சினிமா என்ட்ரி

1932-ல் முதல் படம். சின்ன வேடம்தான், ஆனால் தன் வசனங்களைத் தானே திருத்தி எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு 'ஷி டன் ஹிம் ராங்', 'ஐ ஆம் நோ ஏஞ்சல்' என இரண்டு ஹிட். பண நெருக்கடியில் தவித்த பாரமவுண்ட் நிறுவனத்துக்கு இவை பெரிய ஆறுதல். 'ஷி டன் ஹிம் ராங்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது.

அப்புறம் என்ன ஆச்சு?

எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்ற விதிகளை 1930-லேயே ஹாலிவுட் எழுதி வைத்திருந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கத்தோலிக்க அமைப்புகள் புறக்கணிப்புப் போராட்டம் தொடங்கியதும், 1934-ல் ஜோசப் பிரீன் தலைமையில் கெடுபிடி ஆரம்பித்தது. சான்றிதழ் இல்லாமல் வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தவறு செய்யும் பெண் பாத்திரங்களை இந்த விதிகள் முழுசாகத் தடுக்கவில்லை. அவள் வருந்தினால், தண்டனை பெற்றால் ஓகே. மே வெஸ்டின் நாயகிகளோ ஆசைப்பட்டார்கள், அதைச் சொல்லிச் சிரித்தார்கள், கடைசியில் ஜெயித்தார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

1934-ல் வந்த 'பெல் ஆஃப் தி நைன்டீஸ்' படத்தின் பெயரே மாற்றப்பட்டது. காட்சிகளுக்குக் கத்திரி. கிளைமாக்ஸில் கல்யாணம்! 1937-ல் ஆதாம்-ஏவாள் பற்றிய வானொலி நகைச்சுவை நாடகமும் சர்ச்சையாகி, பல ஆண்டுகள் ரேடியோ கதவும் மூடியது. 1943-க்குப் பிறகு படங்களே இல்லை.

மீண்டும் திரையில்

அந்த விதிமுறை 1968-ல் ஒழிந்து, வயது அடிப்படையிலான சான்றிதழ் வந்தது. 1970-ல், 76 வயதில், மே வெஸ்ட் மறுபடி நடித்தார். படம் ஓடவில்லை. 1980 நவம்பர் 22-ல், 87 வயதில் மறைந்தார்.

அடுத்த முறை ஒரு படத்தில் ஆசையை வெளிப்படையாகச் சொல்லும் பெண் பாத்திரம் வந்தால், கிளைமாக்ஸில் அவளுக்கு என்ன ஆகிறது என்று கவனியுங்கள். மே வெஸ்டுக்கும் சென்சாருக்கும் நடந்த சண்டை அதைப் பற்றியதுதான்.