பக்தாத்திலிருந்து பம்பாய்க்கு: தாவீது சாசூன் வாழ்வு

அவ்வை சண்முகம் சாலை என இன்று வழங்கும் பழைய லாயிட்ஸ் சாலையில், மயிலாப்பூருக்கு அண்மையில், யூதர் இடுகாடு ஒன்று உண்டு. வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட பழங்கற்கள் சில அங்கே நிற்கின்றன. 1688ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மன்களாக அமர்ந்த பன்னிருவருள் மூவர் யூத வணிகர் என்பது நம் மாணவர் பலரும் அறியாத செய்தி. பவழம் கொண்டுவந்து வைரம் கொண்டுசென்ற அவ்வணிகர் கூட்டம் நாளடைவில் இந்நகரினின்றும் மறைந்தது. அவர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் நாட்டின் மேலைக் கரையில் வந்திறங்கிய மற்றொரு யூதரோ, பருத்தியும் துணியும் சார்ந்த பெருந்தொழிற் குடும்பம் ஒன்றிற்கு மூலவரானார். அவரே தாவீது சாசூன்.

அவர் 1792இல் பக்தாத் நகரிற் பிறந்தார். தந்தையார் ஸாலிஹ் சாசூன், ஆளுநர்களாகிய பாஷாக்களின் கருவூலத்தைப் பேணியவர். யூத சமூகத்தின் தலைவருமாவார். வீட்டில் பேசியது அரபு. வழிபாட்டில் ஓதியது எபிரேயம். அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதுவதே அக்குடும்பத்தாரின் வழக்கம். பிற்காலத்தில் சாங்காயிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அவர்தம் கிளைகள் எழுதிய வணிக மடல்களும் நெடுங்காலம் அவ்வாறே எழுதப்பட்டன. போட்டியாளர் கையில் மடல் சிக்கினாலும் எளிதிற் படிக்க இயலாதன்றோ!

பக்தாத்தை அப்போது ஆண்டவர் தாவூத் பாஷா. துரத்தியவர்க்கும் துரத்தப்பட்டவர்க்கும் ஒரே நபியின் பெயர் வாய்த்தது விந்தையே. செல்வரை வருத்திப் பொருள் பறிக்கும் ஆட்சியாக அது மாறிய நிலையில், 1820களின் இறுதியில் தாவீது ஊரைவிட்டு நீங்கினார். பஸ்ரா வழியாகப் பாரசீகக் கரையிலுள்ள பூஷஹ்ர் துறைமுகத்தை அடைந்தார். முதல் மனைவி ஹன்னா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்; இரண்டாம் மனைவி ஃபர்ஹா. பின்னர், 1832 அளவில், குடும்பத்தோடு பம்பாய் வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயது. புதிதாகத் தொழில் தொடங்குவதற்கு அது இளமைப் பருவமன்று.

ஆயினும் காலம் கைகொடுத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிகத் தனியுரிமை 1813இலும், சீன வணிகத் தனியுரிமை 1833ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஒழிந்திருந்தன. இங்கிலாந்தின் ஆலைத் துணியும் நூலும் பம்பாயில் வந்து குவிந்தன. அவற்றைப் பாரசீகத்திற்கும் ஈராக்கிற்கும் விற்கும் வழியை ஆங்கிலேயரைவிட நன்கறிந்தவர் தாவீது. அக்கரை வணிகரின் மொழியும் வழக்கமும் அவருக்குத் தம் வீட்டு வழக்கமே. இந்துஸ்தானியையும் கற்றுக்கொண்டார், ஆங்கிலம் மட்டும் கைவரவில்லை. 1853இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றபோது எபிரேய எழுத்திலேயே கையொப்பமிட்டார். இறுதிவரை பக்தாத் அங்கியும் தலைப்பாகையுமே அவருக்கு உடை.

அவர் தம் மைந்தர் எண்மரையும் ஊர் ஊராக அனுப்பிப் பயிற்றுவித்தார். இரண்டாம் மகன் எலியாஸ் 1840களில் சீனம் சென்றார். பக்தாத்திலிருந்து வறிய யூத இளைஞர் வரவழைக்கப்பட்டனர். அவர்களுக்குப் பள்ளியும் வேலையும் மருத்துவமும், மரித்தால் அடக்க இடமும் நிறுவனமே தந்தது. உறவும் ஊதியமும் ஒன்றாய்க் கலந்த அவ்வமைப்பு கீழக்கரை, காயல்பட்டினம் வணிகக் குடும்பங்களை அறிந்த நம் பெரியோர்க்குப் புதிதாகத் தோன்றாது.

இங்கே மறைக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. சாசூன் குடும்பத்தின் செல்வத்தில் பெரும்பகுதி அபினி வணிகத்தால் வந்தது. மாளவத்தில் விளைந்த அபினி பம்பாய் வழியாகச் சீனம் சென்றது. 1870களில் அங்கு இறக்குமதி செய்வோருள் இக்குடும்பத்தார் முன்வரிசையில் நின்றனர். ஆங்கிலேயச் சட்டம் அதற்குத் தடை விதிக்கவில்லை. பார்சிகளும் பிறரும் அதே வணிகத்தைச் செய்தனர். எனினும் போதையால் அழிந்த சீனக் குடும்பங்களின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அறப்பணிகளை மட்டும் பாடிவிட்டு இதனை விட்டுவிடுவது வரலாறாகாது.

அறப்பணிகளும் மெய்யே. பம்பாயில் பைக்குலா தொழுகைக்கூடம் எழுந்தது. வழிதவறிய சிறுவர்க்குத் தொழில் கற்பிக்கும் சீர்திருத்தப் பள்ளி 1857இல் அமைந்தது. புனேயில் அவர் பொருளுதவியால் உருவான சாசூன் மருத்துவமனை 1867இல் திறக்கப்பட்டது. சிறையிலிருந்த காந்தியடிகளுக்கு 1924 சனவரியில் குடல்வால் அறுவை நடந்தது அம்மருத்துவமனையிலேதான். அவர் அதனைக் காண உயிரோடில்லை. 1864 நவம்பரில் புனேயிற் காலமானார். அவ்வூர்த் தொழுகைக்கூடத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

துணியை வாங்கி விற்றவர் தந்தை. ஆலைகளை எழுப்பியவர் மக்கள். பக்தாத்திற் பிறந்து தந்தையோடு புலம்பெயர்ந்த மூத்த மகன் அப்துல்லாஹ் 1874இல் சாசூன் நூற்பு நெசவாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கொலாபாவில் சாசூன் கப்பல்துறை திறக்கப்பட்டது. பருத்திப் பொதிகளுக்குப் பயன்பட்ட அத்துறையில் இன்று மீன்கூடைகள் இறங்குகின்றன. தந்தை மறைந்த மூன்றாண்டுகளில் தனி நிறுவனம் கண்ட எலியாஸின் வழியினரோ இன்னும் மேலே சென்றனர். அவர் மகன் யாகூபின் பெயர் தாங்கிய ஆலை பம்பாயின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாயிற்று. சாயப் பட்டறை உட்பட அவ்வாலைகள் பல்லாயிரவர்க்கு வேலை தந்தன. தொழிலாளர் நெரிசலான சால்களில் வாழ, முதலாளியர் ஒவ்வொருவராய் இங்கிலாந்து சென்றனர். அப்துல்லாஹ் ஆல்பர்ட் ஆனார். 1890இல் பாரனெட் பட்டம் பெற்று, 1896இல் பிரைட்டனில் மறைந்தார். எபிரேயத்திற் கையொப்பமிட்ட மனிதரின் பேரர்கள் ஆங்கிலப் பிரபுக்களாயினர்.

1940களில் அவ்வாலைகள் இந்திய முதலாளியரிடம் கைமாறி, இந்தியா யுனைட்டெட் மில்ஸ் எனப் பெயர் பெற்றன. பின்னர் 1970களில் நாட்டுடைமையாயின. அத்தொகுதியைச் சேர்ந்த தாதர் ஆலையின் நிலத்தில் அண்ணல் அம்பேத்கர் நினைவகத்திற்கு 2015இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மும்பை காலா கோடாப் பகுதியில் தாவீது பெயரிலுள்ள நூலகமோ இன்றும் இயங்குகிறது. பக்தாத் அங்கி அணிந்த அவருடைய பளிங்குச் சிலை அங்கே நிற்கிறது. தேர்வுக்குப் படிக்க வரும் மாணவர்கள் அதனைக் கடந்தே மாடியேறுகின்றனர்.