எழுத்தின் வாயிலைத் திறந்தவர்

நுழையும்முன்

கூர்த்த அறிவு இருந்தும் அச்சிட்ட ஒரு வரியைப் படிக்க இயலாமல் தவிக்கும் குழந்தைகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். டிஸ்லெக்சியா எனப்படும் இவ்வாசிப்புக் குறைபாட்டை உலகம் நன்கு அறியாத காலத்தில், அக்குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றவர் அமெரிக்க ஆசிரியர் அன்னா கில்லிங்காம்.

விடை தெரியாப் புதிர்

1878ஆம் ஆண்டு பிறந்த அன்னா கில்லிங்காம், நியூயார்க் நகரின் எத்திகல் கல்ச்சர் பள்ளியில் ஆசிரியராகவும் உளவியலாளராகவும் பணியாற்றினார். நுட்பமாகச் சிந்தித்துத் தெளிவாகப் பேசும் மாணவர் சிலர், நூலைக் கையில் எடுத்ததும் தடுமாறி நிற்பதை அவர் கண்டார். அத்தகையோரைச் சோம்பேறிகள் என்றும் மந்தமானவர்கள் என்றும் ஒதுக்குவதே அன்றைய வழக்கம். நாள்தோறும் அச்சொற்களைக் கேட்கும் குழந்தை, ஒரு கட்டத்தில் தானும் அவற்றை நம்பத் தொடங்கிவிடும். எழுத்தை இழப்பதைவிடப் பெரிய இழப்பு அது.

இப்புதிரை மருத்துவ உலகம் முன்பே கண்டிருந்தது. 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் தடுமாறாத அச்சிறுவன், தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். ஆயினும், இத்தகையோருக்குக் கற்பிக்கும் வழி தெளிவாகாமலே இருந்தது.

மருத்துவரும் ஆசிரியரும்

அவ்வழியைத் தேடியவர்களுள் ஒருவர் நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்டன். அயோவா மாநிலத்தில் 1925ஆம் ஆண்டு, அறிவுத்திறன் இருந்தும் படிக்க இயலாத 16 வயது இளைஞன் ஒருவனை அவர் ஆராய்ந்தார். மூளையின் இரு பகுதிகளும் இயங்கும் முறையில்தான் காரணம் உள்ளது என்று கருதினார். அவர் கூறிய விளக்கத்தைப் பிற்கால ஆய்வுகள் திருத்தின. எனினும், தக்க பயிற்சியால் இக்குழந்தைகள் படிக்க இயலும் என்ற அவரது முடிவு நிலைத்தது.

ஆர்டன் நியூயார்க் நகருக்கு வந்தபின், அவரோடு இணைந்து பணியாற்றினார் கில்லிங்காம். மருத்துவரின் கருத்தை வகுப்பறைக்கு ஏற்ற பாடமுறையாக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. சக ஆசிரியர் பெஸ்ஸி ஸ்டில்மன் அப்பணியில் உற்ற துணையாக நின்றார். இருவரும் உருவாக்கிய ஆசிரியர் கையேடு 1930களின் இடைப்பகுதியில் வெளிவந்தது.

கண், செவி, கை

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ ஏறத்தாழ 44. ஓர் எழுத்தே இடத்திற்கேற்பப் பல ஒலிகளைப் பெறும். பிற குழந்தைகள் தாமாகவே உணர்ந்துகொள்ளும் இவ்வுறவு, டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு எளிதில் வசப்படுவதில்லை. ஆகவே, கில்லிங்காம் அதனைச் சிறு சிறு படிகளாகப் பகுத்தார்.

எழுத்து அட்டையைக் குழந்தை கண்ணால் காணும். அதன் ஒலியை வாயால் சொல்லிச் செவியால் கேட்கும். எழுத்தின் வடிவைக் கையால் வரையும். சொல்லை எழுதும்போது ஒவ்வோர் எழுத்தின் பெயரையும் உரக்கச் சொல்லும். காட்சியும் ஒலியும் கையசைவும் ஒன்றோடொன்று பிணைந்து நினைவில் பதியும். சில எழுத்துகளைக் கற்றதும் அவற்றால் ஆன சிறு சொற்களைக் குழந்தை கூட்டிப் படிக்கும். கற்ற எழுத்துகளாலேயே சொற்கள் அமைவதால் ஊகித்துப் படிக்கவேண்டிய தேவை எழுவதில்லை. முந்தைய பாடம் உறுதியான பின்னரே அடுத்தது தொடங்கும்.

ஆசிரியர் பெறும் பேறு

இப்பணியில் விரைந்த வெற்றி இல்லை. நேற்றுக் கற்ற எழுத்து இன்று மறந்துபோகும். சினம் கொள்ளாமல் மீண்டும் அதே அட்டையை எடுத்துக் காட்டவேண்டும். ஆயினும், அதற்குரிய பயன் அரியது. நூலைக் கண்டு அஞ்சிய குழந்தை ஒருநாள் தானே ஒரு பக்கத்தைப் படித்து முடிக்கும். தான் அறிவிலி என்ற எண்ணம் அக்கணத்தில் தளரத் தொடங்கும். அம்மாற்றத்தை அருகிருந்து காண்பது ஆசிரியருக்குக் கிடைக்கும் முதல் பேறு.

இரண்டாம் பேறும் உண்டு. பிழையைக் குழந்தையின் குற்றமாகக் கருதாமல், எங்கே இடறுகிறது என்று ஆராயும் ஆசிரியர், தம் தாய்மொழியின் அமைப்பையே புதிதாகக் கற்கிறார். கற்பிப்பவரும் கற்கும் வகுப்பறை அவ்வாறு உருவாகிறது.

தொடரும் பணி

கில்லிங்காம் தாம் கண்ட முறையைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1930களின் பிற்பகுதியில் ஸ்டில்மனுடன் ஹவாய்த் தீவுகளில் உள்ள புனஹோ பள்ளிக்குச் சென்று பணியாற்றினார். 1947இல் ஸ்டில்மனும் 1948இல் ஆர்டனும் மறைந்தனர். அதன்பின்னரும் அவர் கையேட்டைத் திருத்தி வெளியிட்டார், ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1963இல் அவர் மறைந்தார்.

ஆர்டன்–கில்லிங்காம் முறை என்று வழங்கும் அப்பயிற்சிமுறை இன்றும் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. குழந்தையால் கற்க இயலவில்லை எனில், கற்பிக்கும் முறையை மாற்றிப் பார்ப்பது ஆசிரியரின் கடமை என்பதே அவரது வாழ்வு உணர்த்தும் பாடம்.