குரலுக்கு வழி கண்டவர்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள திருப்புட்குழி தொன்மை வாய்ந்த திருத்தலம். இராமானுசர் தம் இளமையில் அங்கே யாதவப்பிரகாசரிடம் கல்வி பயின்றார் என்பர். அந்நாளில் ஆசிரியர் கூற, மாணவர் செவியாற் கேட்டுக் கற்றனர். குரல் எட்டும் தொலைவே கல்வி எட்டும் தொலைவாகவும் இருந்தது. இன்றோ அவ்வூரில் இருக்கும் தந்தை, கடல் கடந்து வாழும் மகனுடன் இணையத்தின் வழியே உரையாட முடிகிறது. இவ்வரிய மாற்றத்திற்கு வித்திட்டவருள் தலையாயவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஆவார்.

பெல் 1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். அவர் தந்தையார் திருத்தமாகப் பேசக் கற்பிக்கும் ஆசிரியர்; தாயாரோ செவிப்புலன் குன்றியவர். பெல் தம் தாயின் நெற்றியருகே குனிந்து தாழ்ந்த குரலில் பேசுவார். அக்குரலின் அதிர்வால் தாய் அவர் கூறுவதை உணர்வார். ஒலி என்பது அதிர்வே என்னும் உண்மையைத் தாயன்பே அவருக்குக் கற்பித்தது எனலாம்.

உடன்பிறந்தார் இருவரும் காசநோய்க்கு இரையாயினர். எஞ்சிய மகனைக் காக்கும் பொருட்டுப் பெற்றோர் 1870-இல் கனடாவிற் குடியேறினர். மறு ஆண்டு பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சென்று, செவிகேளாச் சிறுவர்க்குப் பேசக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். ஓய்வு நேரத்தை ஆய்விற் கழித்தார்.

அக்காலத் தந்தி, குறிகளை மட்டுமே சுமந்து சென்றது. பெல் பேசும் குரலையே அனுப்ப விழைந்தார். குரல் காற்றை அதிர்விப்பதுபோல் மின்னோட்டத்தையும் ஏறி இறங்கச் செய்யலாம். மறுமுனையில் அம்மின்னோட்டம் ஒரு மெல்லிய தகட்டை அதிர்வித்தால் அதே குரல் மீண்டும் பிறக்கும். இதுவே அவர் கண்ட நெறி. 1876-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், வேறோர் அறையில் இருந்த உதவியாளர் வாட்சன், கருவியின் வழியே பெல் தம்மை அழைத்ததைத் தெளிவாகக் கேட்டு விரைந்து வந்தார். எலிசா கிரே போன்ற பிறரும் அத்துறையில் முயன்றமையால் வழக்குகள் பல எழுந்தன. முடிவில் நீதிமன்றம் பெல்லின் உரிமையை நிலைநாட்டியது.

1880-இல் பெல் கதிரவன் ஒளியில் குரலை ஏற்றி, 200 மீட்டருக்கு மேற்பட்ட தொலைவுக்குக் கம்பியின்றி அனுப்பினார். மேகமும் மழையும் தடுத்தமையால் அக்கருவி பயன்பாட்டிற்கு வரவில்லை. எனினும் அவர் அதனையே தம் கண்டுபிடிப்புகளுள் உயர்ந்ததாகக் கருதினார்.

இன்றைய இணையப் பேச்சில் இவ்விரு நெறிகளும் ஒன்றுகூடுகின்றன. பரவலாக வழங்கும் ஒரு முறையில், குரலின் அலை நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்களாக மாற்றப்படுகிறது. அவ்வெண்கள் நொடிக்கு 50 சிறு பொதிகளாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பொதியும் சேரிட முகவரியையும் வரிசை எண்ணையும் தாங்கி, கடலடியிற் கிடக்கும் கண்ணாடி இழைகளில் ஒளியாக விரைகிறது. மறுமுனையில் பொதிகள் வரிசைப்படுத்தப்பட்டு மீண்டும் குரலாகின்றன. காலந்தாழ்ந்த பொதியைக் கருவி கைவிட்டுவிடும். பேச்சு இடையிடையே அறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெல் 1877-இல் மணந்த மேபல் அம்மையார், ஐந்தாம் வயதில் நோயால் செவிப்புலன் இழந்தவர். உலகிற்குத் தொலைபேசி அளித்தவரின் துணைவியார் அதன் ஒலியைக் கேட்டாரில்லை! செவிகேளாதோர் சைகை மொழியை விடுத்துப் பேச்சையே பழக வேண்டும் என்று பெல் வற்புறுத்தினார். அது தம் மொழியைப் பறிக்கும் செயல் எனச் செவிகேளாதோர் பலர் கண்டித்தனர். பெரியோரும் பிழைபடுதல் உண்டு.

1922-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பெல் கனடாவில் மறைந்தார். அவரை அடக்கம் செய்தபொழுது வட அமெரிக்கத் தொலைபேசிகள் ஒரு நிமிடம் ஓய்ந்திருந்தன. இணையத்தை அவர் கண்டிலர். ஆயினும் குரலை வேறோர் உருவாக்கி அனுப்பி, மீண்டும் குரலாக்கும் நெறி இன்றும் வாழ்கிறது. தாயின் நெற்றியருகே தொடங்கிய அம்முயற்சி, இன்று பிரிந்திருக்கும் தாயையும் மகனையும் நாள்தோறும் பேச வைக்கிறது.